வட்டியில்லாக் கடனும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலைப்பொழுதில், செங்கல்பட்டில் உள்ள என் வீட்டுக்கு முனைவர் பட்ட மாணவர் ஒருவர் வந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய குடும்பத்தில் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த முதல் ஆள். முகம் நிறைய மகிழ்ச்சி. "சார், கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க" என்று கைப்பேசியை நீட்டினார். மின்னஞ்சலைப் படித்தேன். இதழின் பெயரிலேயே 'பன்னாட்டு' என்ற சொல் இருந்தது. முந்தைய நாள் இரவு அனுப்பிய கட்டுரை, மறுநாள் மாலைக்குள் இரு வல்லுநர்களால் மதிப்பிடப்பட்டு ஏற்கப்பட்டதாகச் சொன்னார்கள். அடுத்த பத்தியில் வங்கிக் கணக்கு எண். சில ஆயிரம் ரூபாய் செலுத்தினால் அந்த வாரத்திலேயே கட்டுரை வெளியாகும், சான்றிதழும் கிடைக்கும்.

"பணம் கட்டிவிட்டாயா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். வியாபாரிகிட்ட கேட்டு வாங்கித் தரேன்னு சொன்னார்."

அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. அம்மாணவரின் ஆய்வுத் தலைப்பே, மீன் வியாபாரிகளிடம் மீனவர்கள் வாங்கும் முன்பணத்தைப் பற்றியது. கடனைப் பற்றி எழுதிய கட்டுரையை அச்சில் பார்க்க, அதே கடனை அவருடைய தந்தை வாங்கவிருந்தார்.

பணம் கட்ட வேண்டாம் என்றேன். அக்கட்டுரை முறையான ஆய்விதழ் ஒன்றில் வெளிவர அதன்பின் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டரை ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன். 'ஆய்வு ஒன்று தெரிவிக்கிறது' என்று தொடங்கும் செய்திகளை நாம் அன்றாடம் படிக்கிறோம். அந்த ஆய்வு எந்த வாசல் வழியாக வந்தது என்று கேட்கத் தெரிந்திருப்பது பொருளாதாரம் படித்தவர்களுக்கு மட்டும் உரிய கவலையன்று.

போலி இதழ்கள் இப்படிப் பெருகியதற்கு மாணவர்களின் அவசரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு பல ஆண்டுகள் விதித்திருந்தது. ஆசிரியர்களின் பணி உயர்வுக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கையே புள்ளிகளாக மாற்றப்பட்டது. எண்ணிக்கை தேவை என்றானபோது, எண்ணிக்கையை விற்கும் கடைகள் திறந்தன. நல்ல இதழ்களை அடையாளம் காட்ட 2019-இல் 'யுஜிசி-கேர்' பட்டியல் வந்தது. அப்பட்டியலில் உள்ள இதழ்களின் பெயரையே களவாடிப் போலி இணையதளங்கள் முளைத்தன. 2022-ஆம் ஆண்டின் விதிமுறைகளில் கட்டாய வெளியீடு என்ற நிபந்தனை கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டு, தரத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பை உயர்கல்வி நிறுவனங்களிடமே மானியக் குழு ஒப்படைத்துவிட்டது. ஆனால், நேர்காணலில் 'எத்தனை கட்டுரைகள்?' என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று என்றாலும், நமக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமம் 5 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2019-இல் தீர்ப்பளித்தது. முறையான மதிப்பீடு நடப்பதாக ஆய்வாளர்களை நம்பவைத்தது, கட்டணத்தை முன்கூட்டியே சொல்லாதது ஆகியவை அவ்வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டுகள். கட்டணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மதிப்புமிக்க பொருளாதார இதழ்கள் சில, கட்டுரையைப் பரிசீலிக்கவே கட்டணம் வாங்குகின்றன. கட்டுரை நிராகரிக்கப்பட்டாலும் அது திரும்பாது. எல்லோரும் இலவசமாகப் படிக்கும் வகையில் வெளியிட ஆசிரியரிடம் பணம் பெறும் நேர்மையான இதழ்களும் உண்டு. எனவே, 'பணம் கேட்கிறார்களா?' என்பதோடு நின்றுவிடாமல், 'கட்டுரையைப் படித்தார்களா?' என்றும் கேட்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு வல்லுநர்கள் படித்து முடித்தார்கள் என்றால், யாரும் படிக்கவில்லை என்று பொருள்.

யாரும் படிக்காமல் ஒரு கட்டுரை வெளிவந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று அந்த மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவருக்குச் சொன்னது இருவேல்பட்டின் கதை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றி நம்பத்தக்க விவரம் எதுவும் தமக்குக் கிடைக்காததால், விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களிடம் கேள்விப் பட்டியல்களைக் கொடுத்தனுப்பினார். அப்படி 1916-இல் தொடங்கிய வேலைதான் 1918-இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் ஆங்கில நூலாக வந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள தூசி, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் ஆகியவை அந்நூலில் இடம்பெற்ற ஊர்களுள் சில. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அக்கிராமங்களை மீண்டும் ஆராய்ந்து 1940-இல் நூலாக்கினர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன், அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து இருவேல்பட்டைப் பற்றி 1983-இல் மும்பையின் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதினார். 2010-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 1916 முதல் 2008 வரையிலான அவ்வூரின் நிலம், உழைப்பு, சாதி அரசியல் ஆகியவற்றை அதே இதழில் எழுதினர். விடுமுறைக்குச் சென்ற மாணவர்கள் தாம் கேட்டதையும் கண்டதையும் பிறர் சரிபார்க்கும் வகையில் எழுதி வைத்ததால்தான், தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஊரோடு உரையாட முடிகிறது.

செங்கல்பட்டுக்கு இன்னும் பழைய கணக்கு உண்டு. 1763-இல் ஆர்க்காட்டு நவாப் இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தபின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க்கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதித் தந்த விவரங்களே அதற்கு அடிப்படை. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் நம் காலத்தில் நூலாகவும் வந்துள்ளன. 1891-இல் மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி எழுதிய குறிப்புதான், மறு ஆண்டில் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான அரசாணைக்கு வழிவகுத்தது. இவை ஆய்விதழ்க் கட்டுரைகளல்ல. ஆனால் 'எனக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கு விடை சொல்லும் எழுத்துகள். குப்பத்து மக்கள் தம் கடன் கணக்கை நம்பிச் சொன்னதை, யாரும் திறந்து பார்க்காத ஓர் இணையப் பக்கத்தில் கொண்டுபோய்ப் புதைப்பதற்கு, அவர்களைக் கேட்காமலேயே இருந்திருக்கலாம்.

இனி, கட்டுரைக்கு வருவோம். முதல் வரைவு நெய்தல் திணையில் தொடங்கியது. அங்கிருந்து ஆடம் ஸ்மித் வழியாக ஐந்தாண்டுத் திட்டங்களைக் கடந்து, பதினோராம் பக்கத்தில்தான் குப்பத்துக்கு வந்து சேர்ந்தது. நெய்தலை வெட்ட எனக்கும் மனம் வரவில்லைதான். ஆனால், பொருளாதார இதழின் மரபு வேறு. என் கேள்வி இது, அதற்கு விடை காண இதைச் செய்தேன், கண்டது இது, இதற்கு முன் எழுதியவர்கள் சொல்லாத எதை நான் சொல்கிறேன் என்றால் இதை. இந்த நான்கும் முதல் இரண்டு பக்கங்களுக்குள் வந்துவிட வேண்டும். துப்பறியும் கதைபோல முடிவைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைக்கும் கட்டுரையைப் படிக்க மதிப்பீட்டாளருக்குப் பொறுமை இருக்காது. ஆய்வுச் சுருக்கம் 150 அல்லது 200 சொற்கள்தான். அதை எழுத எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

புள்ளிவிவரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. 'செங்கல்பட்டு மாவட்டம்' என்ற தலைப்பில் 1970-களின் எண்களையும் இன்றைய எண்களையும் ஒரே அட்டவணையில் அடுக்கியிருந்தார். பழைய செங்கல்பட்டு மாவட்டம் என்பது இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களையும் உள்ளடக்கியது. 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 'செங்கல்பட்டு மாவட்டம்' என்ற பெயரே வரைபடத்திலிருந்து மறைந்தது. இன்றைய மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்றுதான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து பிறந்தது. ஆகவே, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்படி ஒரு மாவட்டமே கிடையாது. மென்ச்சர் 1978-இல் வெளியிட்ட தமிழக வேளாண்மை பற்றிய நூலில் 'செங்கல்பட்டு' என்று எழுதுவதும், நாம் இன்று பேருந்துப் பலகையில் படிப்பதும் ஒன்றல்ல. பெயரை நம்பி எண்களைக் கூட்டினால், இல்லாத வீழ்ச்சியும் இல்லாத வளர்ச்சியும் அட்டவணையில் தோன்றிவிடும்.

அனுப்பும் நாள் வந்தது. எந்த இதழ் என்பதே முதல் கேள்வி. ஓர் இதழின் கடந்த இரண்டாண்டு வெளியீடுகளைப் புரட்டாமல் அதற்குக் கட்டுரை அனுப்புவது, முகவரி பார்க்காமல் தபால் போடுவதைப் போன்றது. ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. அது வேலைப் பளு பற்றிய விதியன்று, ஒழுக்க விதி. பொருளாதாரக் கட்டுரைகளுக்குத் துறைவாரியான குறியீடு உண்டு; மீன்பிடித் தொழிலுக்கு 'கியூ 22'. உலகெங்கும் கடலோரப் பொருளாதாரத்தை ஆராய்பவர்கள் அந்தக் குறியீட்டைக் கொண்டுதான் தேடுகிறார்கள். மதிப்பீட்டாளருக்கு ஆசிரியர் யார் என்று தெரியாதபடி பெயரை நீக்கி அனுப்பும் முறையைப் பல இந்திய இதழ்கள் பின்பற்றுகின்றன. தேடுபொறியில் தலைப்பைத் தட்டினாலே ஆசிரியர் பெயர் தெரிந்துவிடும் காலத்தில் அது வீண் என்று கருதி, 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' 2011-இல் அம்முறையைக் கைவிட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து எழுதுபவருக்கு, அவ்வளவாக வேலை செய்யாத திரையும் திரைதான் என்பது என் கருத்து.

படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் வந்தபோது மாணவர் தயங்கினார். நமக்கேது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்தாக இருந்த தந்தையின் பெயரை விரித்து எழுதினார். இனி எந்த நாட்டில் யார் மேற்கோள் காட்டினாலும், பள்ளிக்கூடம் போகாத அந்த மீனவரின் பெயரால்தான் கட்டுரை அழைக்கப்படும். அதை அவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லையாம்.

முதல் இதழ் மூன்று வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டது. மதிப்பீட்டாளர்களுக்கே போகவில்லை, இதழாசிரியரின் மேசையிலேயே நிராகரிப்பு. மாணவர் ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. பிறகு வந்தபோது ஜார்ஜ் அகெர்லாஃப் பற்றிச் சொன்னேன். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்குலைகிறது என்பதைப் பழைய கார் விற்பனையை வைத்து விளக்கிய அவருடைய கட்டுரையை மூன்று முன்னணி இதழ்கள் நிராகரித்தன. இரண்டு இதழ்கள், இது அற்பமான விஷயம் என்றன. மூன்றாவது, இது உண்மையானால் பொருளாதாரவியலே வேறாக இருக்கும் என்றது. முதல் நிராகரிப்புக் கடிதம் அவருக்கு வந்து சேர்ந்தது இந்தியாவில். 1967-68 கல்வியாண்டை அவர் இங்கே கழித்துக்கொண்டிருந்தார். 1970-இல் நான்காவது இதழ் வெளியிட்ட அக்கட்டுரையில், இந்தியக் கிராமத்து வட்டிக்கடைக்காரரும் ஓர் எடுத்துக்காட்டாக இடம்பெற்றிருக்கிறார். 2001-இல் அகெர்லாஃப் நோபல் பரிசு பெற்றார்.

இந்தக் கதை ஆறுதலுக்கு நல்லது. ஆனால், நிராகரிக்கப்பட்ட எல்லாக் கட்டுரைகளும் அகெர்லாஃபின் கட்டுரைகளல்ல. எங்களுடையது நிராகரிக்கப்பட்டது நியாயமே என்று இப்போது தோன்றுகிறது. போட்டியும் கடுமை. டேவிட் கார்டும் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் 2013-இல் எழுதிய ஆய்வின்படி, உலகின் ஐந்து முன்னணிப் பொருளாதார இதழ்களுக்கு வரும் கட்டுரைகள் 1990-க்கும் 2012-க்கும் இடையில் ஏறத்தாழ இருமடங்காயின. ஏற்பு விகிதம் சுமார் 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகச் சரிந்தது. வாசல்காப்போரின் சாய்வும் உண்டு. 1985 முதல் 2005 வரை வெளிவந்த 76,046 கட்டுரைகளை ஆராய்ந்த ஜிஷ்ணு தாஸும் அவருடைய குழுவினரும், கட்டுரையின் தரத்துக்கான காரணிகளைக் கணக்கில் கொண்ட பிறகும், அமெரிக்காவைப் பற்றிய கட்டுரைக்கு முன்னணி இதழ்களில் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டனர். அமெரிக்க நகரம் ஒன்றைப் பற்றி எழுதுபவர் அது ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக் குப்பத்தைப் பற்றி எழுதுபவர் விளக்கியே ஆக வேண்டும்.

இரண்டாவது இதழ், இந்திய இதழ், கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பியது. ஏழு மாதங்கள் எந்தத் தகவலும் இல்லை. பின்னர் இரண்டு அறிக்கைகள் வந்தன. முதல் மதிப்பீட்டாளர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு வாக்கியம் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. "இக்கடனுக்கு வட்டி இல்லை என்று ஆசிரியர் எழுதுகிறார், அப்படியானால் வியாபாரி ஏன் கடன் கொடுக்கிறார்?"

மாணவரின் வினாத்தாளில் 'வட்டி எவ்வளவு?' என்ற கேள்வி இருந்தது. முன்பணம் வாங்கிய ஒவ்வொருவரும் 'வட்டி கிடையாது' என்றே சொல்லியிருந்தனர். அவரும் பூஜ்யம் என்று நிரப்பியிருந்தார். யாரும் பொய் சொல்லவில்லை. படகும் வலையும் வாங்க வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். வாங்கியவர், பிடிக்கும் மீனை அவருக்கோ அவர் வழியாகவோதான் விற்க வேண்டும். விற்ற தொகையில் ஒரு பங்கு கழிக்கப்படும். அல்லது விலையே சற்றுக் குறைத்துப் போடப்படும். வட்டி என்ற பெயரில் எதுவும் இல்லை. அது மீனின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. கடனும் விற்பனையும் இப்படி ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைப் பொருளாதாரம் நன்கு அறியும். மேற்கு வங்கக் கிராமங்களில் நிலவுடைமையாளரே கடன் கொடுப்பவராகவும் இருப்பதைப் பற்றி அமித் பாதுரி 1973-இல் 'எகனாமிக் ஜர்னல்' இதழில் எழுதிய கட்டுரை அத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. தமிழ்நாட்டு ஃபைபர் படகுகளின் கடனைப் பற்றியே ஹேவியர் கினே, ஸ்டெஃபான் க்ளோனர் இருவரும் ஆராய்ந்திருக்கிறார்கள். நாங்கள் இவற்றைப் படித்திருக்க வேண்டும். முன்னோர் எழுதியதை வாசித்தல் என்பது மேற்கோள் பட்டியலை நீட்டுவதற்கான சடங்கு என்றே நம் கல்லூரிகளில் கற்பிக்கிறோம். அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு.

ஒளிந்திருக்கும் வட்டியை எப்படி அளப்பது? மாணவர் விடியற்காலையில் கரைக்குப் போனார். ஒரே காலையில், ஒரே வகை மீன், ஒரே அளவு. முன்பணம் வாங்கிய படகுக்கு என்ன விலை, வாங்காத படகுக்கு என்ன விலை என்று குறித்தார். சங்கராவையும் வஞ்சிரத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடையைப் பார்த்தே எடை சொல்லக்கூடியவர். இந்த இடத்தில் எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரைவிடவும் அவர் கை ஓங்கியிருந்தது.

இரண்டாம் மதிப்பீட்டாளர் வேறொன்றைக் கேட்டார்: கணக்கெடுப்பு நடந்தது எந்த மாதம்? மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பெரிய படகுகளின் மீன் வராததால், சிறிய ஃபைபர் படகுகளின் மீனுக்கு அப்போது நல்ல விலை. அந்த மாதத்து விலையை வைத்து ஆண்டு முழுவதற்கும் பேசலாமா? வடகிழக்குப் பருவமழையில் படகுகள் நாள்கணக்கில் கரையிலேயே கிடக்கும்போது நிலைமை வேறல்லவா? விடுமுறையில்தான் மாணவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. ஆகவே தமிழ்நாட்டுக் கடலோரத்தைப் பற்றிய மாணவர் ஆய்வுகள் பல, மே மாதத்துக் கடலைப் பற்றியவை. நான் சொன்னது அனுபவத்தில் கண்டது, எண்ணிச் சொல்லவில்லை. அவர் கார்த்திகையில் மீண்டும் போனார்.

அந்த இரண்டாவது பயணம் கட்டுரையின் மையத்தையே மாற்றியது. முதல் வரைவில் இது சுரண்டல் என்று மட்டும் எழுதியிருந்தார். கோபத்தோடு எழுதியிருந்தார், அதற்கான உரிமையும் அவருக்கு இருந்தது. ஆனால், மழைக்காலத்தில் வேறொன்று தெரிந்தது. கழிவு என்பது பிடித்த மீனில் ஒரு பங்கு. மீன் அதிகம் கிடைத்த நாளில் மீனவர் அதிகம் இழக்கிறார். வலை வெறுமையாக வந்த நாளில் எதுவும் கொடுப்பதில்லை. கடலுக்கே போகாத வாரத்தில் வியாபாரிதான் வீட்டுச் செலவுக்கும் கொடுக்கிறார். வங்கிக் கடனின் மாதத் தவணைக்கு மழையும் தெரியாது, புயலும் தெரியாது. வியாபாரியின் கடன் விலை உயர்ந்தது. ஆனால், அதற்குள் ஒரு வகைக் காப்பீடும் இருக்கிறது. சுரண்டல் இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அரசு இக்கடனை ஒழிக்க விரும்பினால், குறைந்த வட்டியில் பணம் கொடுத்தால் மட்டும் போதாது, தவணையைக் கடலின் போக்குக்கு ஏற்ப வளைக்கவும் வேண்டும் என்பதே அதன் பொருள். பணம் கட்டி வெளியிட்டிருந்தால், 'வட்டி: பூஜ்யம்' என்ற அட்டவணை அவர் பெயரில் என்றென்றும் இணையத்தில் நின்றிருக்கும்.

ஓர் அட்டவணையை நீக்கிவிடலாமா என்றும் கேட்டார். மகளிர் சுயஉதவிக் குழுவில் உள்ள குடும்பங்கள் வியாபாரியை அவ்வளவாகச் சார்ந்திருக்காது என்று எதிர்பார்த்திருந்தார். அவர் சேகரித்த தரவில் அப்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை. 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்ற முடிவை இதழ்கள் விரும்புவதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு. நான் அவருக்கு நினைவூட்டியது, உலக மருத்துவ இலக்கியத்தில் நம் ஊர்ப் பெயரைப் பதித்த பிசிஜி தடுப்பூசி ஆய்வை. 1968-இல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட 'செங்கல்பட்டு ஆய்வு', பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் அறிவித்தது. எதிர்பார்த்த பலன் கிடைக்காத முடிவுதான். ஆனால் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. (அந்தச் செங்கல்பட்டும் பழைய செங்கல்பட்டுதான், களம் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்கள்.) அட்டவணை நீடித்தது.

மதிப்பீட்டாளர்களுக்கு எழுதும் மறுமொழி தனிக் கலை. அவர்களின் ஒவ்வொரு கருத்தையும் எண்ணிட்டு எடுத்தெழுதி, அதன்கீழ் என்ன மாற்றினோம், எந்தப் பக்கத்தில் என்று காட்ட வேண்டும். ஏற்க முடியாததை ஏன் ஏற்கவில்லை என்று பணிவோடு சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். எங்கள் மறுமொழி கட்டுரையின் பாதி நீளத்துக்கு வந்தது. தரவுக் கோப்பையும் சீராக்கினோம். கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இருவரும் 2010-இல் எழுதிய கட்டுரை, அரசுக் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி சற்றே எதிர்மறையாகிறது என்றது. பல நாடுகளின் சிக்கன நடவடிக்கைகளுக்கு அது சான்றாகக் காட்டப்பட்டது. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களின் எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி காணும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதையும் வேறு சில தெரிவுகளையும் சரிசெய்தால் வளர்ச்சி 2.2 விழுக்காடு என்று அவரும் அவருடைய ஆசிரியர்களும் காட்டினர். அந்தக் கட்டுரை வந்தது மாநாட்டுக் கட்டுரைகளுக்கான சிறப்பிதழில். வழக்கமான மதிப்பீட்டைக் கடந்து வந்ததன்று. கோப்பைக் கேட்டவருக்குக் கொடுத்தார்கள் என்பதால்தான் பிழை வெளிப்பட்டது.

மதிப்பீட்டு முறையைப் புனிதப்படுத்துவது என் நோக்கமன்று. ஏழு மாதம் காக்கவைப்பது, வேலை தேடும் இளைஞருக்குச் செய்யும் கொடுமை. மதிப்பீட்டாளருக்கு ஊதியம் கிடையாது, ஆகவே தாமதிக்கிறார்கள். நானும் தாமதித்திருக்கிறேன். இன்னொரு குறை பெரிது. கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது; தகவல் கொடுத்தவர்கள் தமிழில் வாழ்கிறார்கள். தமிழில் பொருளாதாரம் எழுதினால் பணி உயர்வுப் புள்ளியில் அதற்கு ஆங்கிலக் கட்டுரைக்கு உள்ள மரியாதை இல்லை. குறைந்தபட்சம், தமிழ்நாட்டில் களஆய்வு செய்து எழுதப்படும் ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, தகவல் தந்த ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் விதிக்கலாம். அதற்குச் செலவும் இல்லை.

கட்டுரை வெளிவந்த பின் நாங்கள் அதைச் செய்தோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் நானும் உடன் சென்றேன். காலை ஏலம் முடிந்து, வலை உலர்த்தியிருந்த இடத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாணவரின் தந்தையும், முன்பணம் கொடுக்கும் வியாபாரி ஒருவரும் இருந்தனர். மாணவர் தமிழ்ச் சுருக்கத்தை வாசித்தார். ஊர்ப் பெயரைக் கட்டுரையில் மாற்றியிருந்தது சிலருக்கு வருத்தம். அது உங்கள் பாதுகாப்புக்காக என்றபோது வியாபாரி சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை. கழிவு பற்றிய பகுதி வந்ததும் அமைதியாகக் கேட்டார்கள்.

வாசித்து முடித்ததும், வயதான மீனவர் ஒருவர் வலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "எல்லாம் சரிதான் தம்பி. ஐஸ் கணக்கை விட்டுட்டியே. ஐசும் அவருகிட்டதானே வாங்குறோம். அதுல ஒரு விலை வெச்சிருக்காரே."

மாணவர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.